மூக்குக்குச் சம்பந்தமில்லாத சைனஸ்

என் கணவர் பொய் சொல்லமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றே இதை அவர் சொன்னார். எல்லா மாப்பிள்ளையும் சொல்வதுதானே என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அது எவ்வளவு தொந்தரவு பிடித்த குணம் என்று தெரிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. அளவு துளி கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மை தடவி ஒதுக்கிவிடுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காபி எப்படி என்று கேட்டால் "நேத்து நல்லாருந்துச்சு" என்பார்.

அப்படிப்பட்டவர் எங்கள் குடியிருப்பு முழுவதையும் வருஷக்கணக்கில் ஏமாற்றினார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதிக்கோ, இடத்தை மட்டும் சொல்லாதே என்றார். இடத்தைச் சொல்லாவிட்டால் கதையே இல்லையே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

முகப்பேரில் நாலு மாடி ஃப்ளாட் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். அவருக்குத் திண்டுக்கல் பக்கம், எனக்கு விருதுநகர். நான் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவர் சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, இப்படிச் சாய்ந்தால் ஜன்னல் வெளிச்சம் டிவியில் அடிக்கவில்லை என்றார். உட்கார்ந்து பார்த்தேன், உண்மையாகவே அடிக்கவில்லை. அப்புறம் பைக் சீட்டில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எஸ்டேட் ரோட்டுக் குழிகளுக்கு அது தேவைதான் என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி ஊறவைக்கும்போது அவருடைய அரைக்கால் சட்டையின் பின்பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கறையைப் பார்த்தேன். ரத்தமும் சீழும் கலந்த மாதிரி இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். சூட்டுக் கட்டி, விளக்கெண்ணெய் வைத்தேன், உடைந்துவிட்டது என்றார். எங்கே கட்டி என்றேன். பின்னால் என்றார். பின்னால் எங்கே என்றேன்.

காட்டச் சொன்னதற்கு மாட்டேன் என்று பால்கனிக்குப் போய்விட்டார். காலேஜில் தவளையையும் கரப்பானையும் அறுத்துப் பார்த்தவள் நான், உங்கள் முதுகைப் பார்த்தா மயங்கி விழப்போகிறேன் என்று கேட்டேன். முதுகு இல்லை, அதுக்கும் கீழே என்று முணுமுணுத்தார். கடைசியில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பெரிய தியாகம் செய்கிற முகத்தோடு குப்புறப் படுத்தார். முதுகெலும்பு முடிந்து உடம்பு இரண்டாகப் பிரிகிற பள்ளம் இருக்கிறதே, அங்கே ஊசியால் குத்தின மாதிரி இரண்டு ஓட்டைகள். ஒன்றிலிருந்து நாலைந்து முடி கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தோல் சிவந்து வீங்கியிருந்தது.

"ஏங்க, ஓட்டைக்குள்ளேருந்து முடி வருது" என்றேன்.

"வெளியே வருதா, உள்ளே போகுதா, சரியாப் பாத்துச் சொல்லு" என்றார். வலியிலும் தரம் பார்க்கிறவர்.

அம்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்ஜன் நிதானமாகப் பேசுகிற மனிதர். பார்த்த உடனே, பைலோனிடல் சைனஸ் என்றார். சைனஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கை தானாக மூக்குக்குப் போயிற்று. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சைனஸ் என்றால் உள்ளே போகிற பொந்து என்றுதான் அர்த்தம், மூக்குக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததில்லை என்றார். உதிர்கிற முடி அந்தப் பள்ளத்தில் சேர்ந்து, உட்கார உட்கார அழுந்தி, தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்க் கூடு கட்டிவிடுமாம். உடம்பு அதை வெளியாள் என்று எதிர்க்கும்போது சீழ் பிடிக்குமாம். முடி அதிகமாக உள்ள, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற, இளவயது ஆண்களுக்கு அதிகம் வரும் என்றார். என் கணவருக்கு மார்பு முடி சட்டைக் காலருக்கு மேலே எட்டிப் பார்க்கும். கம்பெனியில் ஸ்டூலில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மூன்றுக்கும் பொருத்தமாக இருந்தார்.

முதலில் மருந்து கொடுத்து வீக்கத்தை அடக்கினார்கள். பிறகு இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்த இடத்தையே பெரிதாக வெட்டி எடுத்து, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடித் தைப்பது. ஆறுவதற்கு நாளாகும், ஆனால் திரும்பி வருவது குறைவு. இன்னொன்று, இருக்கிற ஓட்டை வழியாகவே மெல்லிய கேமராவை விட்டு, உள்ளே இருக்கிற முடியை எடுத்து, பொந்தைச் சுட்டுச் சுத்தம் செய்வது. பெரிய காயம் கிடையாது. அடுத்த நாள் வீட்டுக்குப் போகலாம், சீக்கிரம் வேலைக்கும் போகலாம். ஆனால் இதில் திரும்பி வருகிற வாய்ப்புக் கொஞ்சம் அதிகம், அதனால் அந்த இடத்தில் முடி இல்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்.

என் கணவர் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டார். முடியைப் பற்றி நான்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது வழியே போதும் என்று முடிவாயிற்று.

அடுத்த கவலை, வெளியே என்ன சொல்வது என்பது. முதுகு வலி என்று சொல்லிவிடுங்களேன் என்றேன். முதுகு வலிக்கவில்லையே என்றார். யோசித்து யோசித்து, கம்பெனிக்கு லீவு கேட்கும்போது "சைனஸ் ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த வெற்றியில் பூரித்துப்போய் ஊருக்கு ஃபோன் போட்டு அவர் அம்மாவுக்கும் அதையே சொன்னார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

சைனஸ் என்றதும் என் மாமியார் அன்றிலிருந்து தயிரை நிறுத்திவிட்டார். ஊரிலிருந்தபடியே நிறுத்தினார். தினமும் சாயங்காலம் ஃபோனில் என்னைக் கூப்பிட்டு, தயிர் போட்டாயா, தலைக்குக் குளித்தானா, ஃபேனுக்குக் கீழே படுத்தானா என்று விசாரிப்பார். என் கணவருக்குத் தயிர் சாதம் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஜாடையில் கேட்பேன். வேண்டாம் என்று தலையாட்டுவார். அம்மாவிடம் "தயிர் சாப்பிடலை" என்று நிஜமாகவே சொல்லவேண்டும் என்பதற்காக நிஜமாகவே சாப்பிடாமல் இருந்தார். ரசம் சாதத்தோடு எழுந்து போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. சொன்னபடி அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்று சாயங்காலமே கீழ் வீட்டுக்காரர் பார்க்க வந்தார். அவர்தான் எங்கள் சங்கத்துச் செயலாளர். இந்தப் பக்கத்திலேயே தலைமுறையாக இருக்கிற குடும்பம். இப்போது தண்ணீர் கேன் வியாபாரம் பார்க்கிறார். அவருக்கு நிஜமான மூக்குச் சைனஸ் உண்டு. காலையில் அவர் அடிக்கிற தும்மல்தான் எங்கள் ப்ளாக்குக்கு அலாரம். கையில் ஒரு கட்டு நொச்சி இலையோடு வந்திருந்தார். நசரத்பேட்டையில் தன் மாமியார் வீட்டுப் பக்கம் போய்ப் பறித்ததாம்.

என் கணவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூக்குல ஒரு பிளாஸ்டர்கூடக் காணோம்?" என்றார்.

"சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்ணிட்டாங்க" என்றார் இவர். உண்மை.

"அது சரி. மூக்குலதான் ஏற்கெனவே ரெண்டு ஓட்டை கீதே. டாக்டருக்கு வேலை மிச்சம்" என்றார் அவர்.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். ஆனால் அவர் ஆவி பிடிக்கவைக்காமல் விடுவதாக இல்லை. என்னை வெந்நீர் வைக்கச் சொல்லி, இலையைப் போட்டு, போர்வையை அவரே பிடித்துக்கொண்டார். உட்காருங்கள் என்றதற்கு இவர் உட்கார முடியாமல் நின்றபடியே டேபிள் மேல் குனிந்து ஆவி பிடித்தார். நின்றுகொண்டு ஆவி பிடிக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று செயலாளர் ஆச்சரியப்பட்டார். அது புது முறையாக இருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் கீழே கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். லாரித் தண்ணீர் தகராறு. எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என் கணவர் மட்டும் தூண் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். உட்காரச் சொன்னவர்களிடம், "பரவால்ல, நின்னாத்தான் எனக்குச் சரியா இருக்கும்" என்றார். தண்ணீர் வரும்வரை உட்காரமாட்டேன் என்று சபதம் போட்ட மாதிரி அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு பிடிப்பு உள்ள ஆள் வேண்டும் என்று அவரைத் துணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மாடிக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவருக்கே ஒன்றும் புரியவில்லை.

காயம் ஆறியது. தையலே இல்லாமல் ஆறியதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மாமியார் தயிரை அனுமதித்தார். பைக் சீட்டுத் துண்டு கரித்துணியாயிற்று. நான் முடி விஷயத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன். நான் எடுத்துவிடுகிறேன் என்றால் வெட்கப்பட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டதை நானும் கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு கையில் க்ரீம், ஒரு கையில் என் கைக்கண்ணாடி, உடம்பைத் திருகித் திருகி, தன் வாலைப் பிடிக்கப் போகிற பூனை மாதிரி குளியலறையில் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. கேட்டால், குணமான இடத்தை எதற்கு நோண்டவேண்டும் என்றார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவர் ஃப்ரிட்ஜ் மேல் பேப்பரை விரித்து வைத்து நின்றுகொண்டு படிப்பதைப் பார்த்தேன். இட்லித் தட்டையும் ஃப்ரிட்ஜ் மேலேயே கொண்டுபோய் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்.

கேலி செய்ய வாயெடுத்தவள் அவர் முதுகைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறுபடி வந்து ஒரு வாரம் ஆகியிருக்குமா என்று கேட்டேன். அதற்கும் மேலே என்றார். கம்பெனியில் ஒரு தடவை சரி செய்து அனுப்பிய சாமான் மறுபடி கெட்டுப்போய்த் திரும்பி வந்தால், அதை வைக்கிறதற்கென்று தனி மேஜை இருக்கிறதாம். அந்த மேஜையை யாருக்குமே பிடிக்காதாம்.

"இப்ப நான் அந்த மேஜைல இருக்கேன்" என்றார்.

அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது தவளை அறுத்த வீராங்கனை இல்லை என்று தெரிந்தது. முதுகைத் தடவிக்கொண்டே, சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிடலாம், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. இது வந்து போகிற வியாதிதான், உங்கள் தப்பு கொஞ்சம், அதன் குணம் கொஞ்சம் என்றார். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தை ஆஸ்பத்திரி பேர் போட்ட பெரிய கவரில் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் ஃப்ளாட் வாசலில் இறங்கும்போது செயலாளர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். எந்த டாக்டர் என்று இவரிடம் மாசக்கணக்காகக் கேட்டுவந்தவர் அவர். இவரும் "அம்பத்தூர்ல ஒருத்தர்" என்று மாசக்கணக்காகச் சொல்லிவந்தார். அன்று செயலாளர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கவரை மட்டும் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மணியடித்தது. திறந்தால் செயலாளர். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். என் கணவர் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க" என்றார் அவர். "உங்க சைனஸு எந்த எடத்துல கீது?"

என் கணவரால் பொய் சொல்லமுடியாது, உண்மையும் வாயில் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் செயலாளரே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கவரில் பேர் போட்டிருந்த ஆஸ்பத்திரிக்கு அவரும் போயிருக்கிறார். சைனஸ் ஆபரேஷன் பற்றிக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் அதிகம், நர்ஸும் அவசரத்தில் இருந்திருக்கிறார். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், பேண்ட்டைத் தளர்த்திக்கொண்டு குப்புறப் படுங்கள் என்றிருக்கிறார்.

"நானும் படுத்துட்டேன் சார். மூக்கு முன்னாடிதான கீது, எதுக்குக் குப்புறப் போடறாங்கன்னு ஒரே ரோசனை. ஒருவேள முதுகு வழியா ஊசி போடுவாங்களோன்னு நெனச்சுக்கினேன். டாக்டர் வந்து லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, இங்க ஒண்ணுமே இல்லியேங்கறார். மூக்கு அங்க இல்ல சார், இங்க கீதுன்னு திரும்பிக் காமிச்சேன்."

டாக்டர் ஒரு மூக்கு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வெளியே வரும்போது சுவரில் மாட்டியிருந்த பைலோனிடல் சைனஸ் விளக்கப் படத்தைச் செயலாளர் நின்று நிதானமாகப் படித்திருக்கிறார். நொச்சி இலைக் கட்டிலிருந்து நின்றபடி பிடித்த ஆவிவரை எல்லாம் அங்கேயே புரிந்துவிட்டதாம்.

இந்த மனிதர் கையில்தான் குடியிருப்பு மொத்தமும் சேர்ந்திருக்கிற சங்கத்து வாட்ஸப் குரூப் இருக்கிறது என்று என் மனசில் ஓடியது. அவரோ குரலைத் தாழ்த்தி, "எங்க மச்சானுக்கும் இதேதான் சார். சேக்காட்டுல கீறான். அந்தக் காலத்துல பெருசா வெட்டி எடுத்துட்டாங்க. மாசக்கணக்குல குப்புறவே படுத்துக்கினு டிவில கிரிக்கெட் பாத்தான். ஊட்ல எல்லாருக்கும் மூலம்னு சொல்லி வெச்சான், ஏன்னா அது கொஞ்சம் கவுரவமா இருந்துச்சாம்" என்றார்.

முதலில் சிரித்தது என் கணவர்தான். சிரித்துச் சிரித்து, வலிக்கிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். கூடு கட்டின முடி, ஸ்கேன், தனி மேஜை எல்லாவற்றையும் அவரே விலாவாரியாகச் சொன்னார். என்னிடம் சொல்லாதது சிலதும் அதில் இருந்தது. செயலாளர் யாரிடமும் சொல்லவில்லை. நொச்சி இலைக்காக நசரத்பேட்டை போய்வந்த பெட்ரோலை மட்டும் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, என் கணவர் இந்தத் தடவை பெரிய ஆபரேஷனே செய்துவிடலாமா என்று கேட்டார். வந்திருப்பது சின்னதுதான், அதே முறையில் இன்னொரு தடவை செய்யலாம், அதற்கும் மிஞ்சினால் பெரியதைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனால் முடியை நிரந்தரமாகக் குறைத்துக்கொண்டால்தான் செய்வேன் என்று கறாராகச் சொன்னார். இந்தத் தடவை என் கணவர் கடைசி வார்த்தைவரை கேட்டார்.

காயம் ஆறிய பிறகு முகப்பேரிலேயே ஒரு தோல் கிளினிக்கில் லேசர் வைத்து முடி எடுக்க ஏற்பாடு செய்தேன். அங்கே வருகிறவர்கள் பாதிப்பேர் கல்யாணப் பெண்கள். முகத்துக்கு, கைக்கு என்று அம்மாக்களோடு வந்து காத்திருப்பார்கள். நடுவில் என் கணவர், கம்பெனிச் சட்டையோடு. முதல் நாள் ஒரு அம்மா மரியாதைக்கு, பெண்ணுக்கு எப்போ கல்யாணம் என்று இவரைக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டது, வைத்தியம் எனக்குத்தான் என்றார் இவர். அந்த அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எந்த இடம் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார். அந்த அளவுக்குத் தேறிவிட்டிருந்தார். பல தடவை போகவேண்டியிருந்தது. கடைசி நாளில் வரவேற்பிலிருந்த பெண் அவருக்கு மணப்பெண் அலங்காரத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றைக் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது, திரும்பி வரவில்லை. வராது என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்வதில்லை. முழுதாகப் போகாத சில முடிகளுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் பார்க்கிறேன். ஜன்னலைச் சாத்துவதெல்லாம் இல்லை, வெளிச்சம் வேண்டும் என்று அவரே திரையை விலக்கிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார். ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் நான் உடனே முடிப்பதில்லை. மற்ற நேரங்களில் நான் பேச ஆரம்பித்தால் ஃபோனைப் பார்ப்பார், இல்லையென்றால் எதையாவது அளக்கப் போய்விடுவார். அந்த நேரத்தில் மட்டும் அசையாமல் படுத்து, சொல்வதையெல்லாம் கேட்பார். நானும் மெதுவாகத் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது, அடுக்களைக் குழாய் ஒழுகுவது, என் தங்கை வரப்போவது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன்.

போன வாரம் கார் ஓட்டப் பழகப்போகிறேன் என்று சொன்னேன். சாதாரணமாக என்றால் முகப்பேர் டிராஃபிக் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

"எதாவது இருக்கா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"இன்னும் பாத்துட்டு இருக்கேன். கார் கத்துக்கட்டுமா?"

"கத்துக்கோ" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.